எனக்கு ஒதுக்கிய இடத்தில் அவள்

ரோமாபுரியில் கொள்ளைநோய் பரவிய காலத்தைப் பற்றி அன்று ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். பெற்ற தகப்பனையே தெருவில் தள்ளிக் கதவைச் சாத்திக்கொண்ட ஊர் அது. அப்போது கிறிஸ்தவர்கள் வெளியே வந்தார்கள். எந்தச் சாமி கும்பிடுகிறவன் என்று கேட்காமல் தண்ணீர் கொடுத்தார்கள். செத்தவர்களைத் தூக்கிப்போய்ப் புதைத்தார்கள்.

"அவங்களுக்கு நோய் தொத்திக்காதா டீச்சர்?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"தொத்துச்சு. செத்தும் போனாங்க. ஆனா கதவைச் சாத்தலை" என்றேன். சொல்லும்போது எனக்கே பெருமையாக இருந்தது. சொல்வதற்கு என்ன செலவு?

நான் இருப்பது மூக்கண்டப்பள்ளியில். வண்டிகளுக்கு ஒயரிங் செய்யும் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர் வேலை. கணவர் இறந்தபின் மகளும் பெங்களூருக்குக் கல்யாணமாகிப் போய்விட்டாள். என் லைனில் ஜார்க்கண்டிலிருந்து வந்த பெண் ஒருத்தி இருந்தாள். என் கழுத்துச் சிலுவையைப் பார்த்துவிட்டு, தன் சட்டைக்குள்ளிருந்து கறுப்புக் கயிற்றில் கட்டிய சிலுவை ஒன்றை எடுத்துக் காட்டிச் சிரித்தாள். அப்படித்தான் பழக்கம். என் புளிக்குழம்பை ஒரு கண்ணை மூடிக்கொண்டே சாப்பிடுவாள். ஆனாலும் மறுநாளும் டப்பாவை நீட்டுவாள். ஞாயிறானால் எங்கள் சபையில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, நாங்கள் தமிழில் பாட, அதே ராகத்தில் அவள் மொழியில் பாடுவாள். யாரும் அவளிடம் ஊர் பேர் கேட்டதில்லை.

அந்தப் பாடம் நடத்திய வாரமே அவளுக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு என்றார்கள். சனிக்கிழமை காலை அரசு ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள்.

அவள் அண்ணன் தேன்கனிக்கோட்டைப் பக்கம் ரோஜாப் பண்ணையில் வேலை செய்கிறவர். வேலை செய்த உடையோடு பஸ் பிடித்து வந்தார். ஊருக்கு உடலைக் கொண்டுபோக வழியில்லை. "எரிக்க வேணாம் அக்கா. நாங்க புதைக்கிற ஆளுங்க. அம்மா போன்ல அதான் சொல்லுச்சு" என்றார் தெரிந்த தமிழில்.

நேராகச் சபைச் செயலாளர் வீட்டுக்குப் போனேன். மரியாதையான மனிதர். உட்காரவைத்துக் காபி கொடுத்துவிட்டுத்தான் மறுத்தார்.

"அந்தப் பொண்ணு நம்ம சபை மெம்பர் இல்லைங்களே. இருக்கிறவங்களுக்கே கல்லறையில இடம் பத்தல. இன்னிக்கு ஒருத்தருக்கு வுட்டா, நாளைக்கு லைன் வீட்டுல வாடகைக்கு இருக்கிற வெளியூர் ஆளுங்க எல்லாரும் வருவாங்க."

"வரட்டுங்க."

"சொல்றது சுலபம்மா. எடம் எங்க?"

"எங்க வீட்டுக்காரர் பக்கத்துல எனக்குன்னு வுட்ட எடம் இருக்குல்ல? அதுல வைங்க."

"அது உங்களுக்குங்க."

"நான் இன்னும் சாகலையே."

கல்லறைத் தோட்டத்துச் சாவியை அவர் தரவில்லை. போதகரிடம் போனேன். நல்லவர்தான், ஆனால் கமிட்டி என்றால் குரல் இறங்கிவிடும். "கமிட்டி கூடி முடிவு பண்ணட்டும்மா" என்றார்.

"ஐயா, பொணம் கமிட்டிக்காகக் காத்திருக்காது. நான் கேட்டுக்கிட்டே இருக்க மாட்டேன். கொண்டு வரேன்."

மகளுக்குப் போன் செய்தேன். அவள் சம்மதிப்பாள் என்று நினைத்திருந்தேன். "அப்பா பக்கத்துல யாரோ ஒருத்தியா? நாளைக்கு நீ எங்கம்மா போவ?" என்று அழுதாள். "எடம் கெடைக்கிற எடத்துக்கு" என்றேன். போனை வைத்துவிட்டாள்.

மதியம் ஆம்புலன்ஸ் கல்லறைத் தோட்டத்து கேட்டில் நின்றபோது பூட்டுத் தொங்கியது. முதல் ஷிப்ட் முடிந்த பெண்கள் யூனிபார்மோடே வந்துவிட்டார்கள். பாதிப் பேர் நெற்றியில் குங்குமம் வைத்தவர்கள். என் லைனில் இருக்கும் கன்னடக்காரம்மா பூட்டைப் பார்த்தாள். "பீகா ஒடீரி!" என்று கத்திக்கொண்டே கல்லைத் தேடினாள், பூட்டை உடைக்க.

"உடைக்க வேணாம். தொறக்கிற வரைக்கும் இங்கயே நிப்போம். ரோட்டுல போறவங்க பாக்கட்டும்" என்றேன்.

நின்றோம். லாரிகள் புழுதியை வாரி இறைத்துக்கொண்டு போயின. பஸ்ஸில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அண்ணன் மெல்லிய குரலில் பாட ஆரம்பித்தார். தங்கை லைனில் வேலையோடு முணுமுணுத்த ராகம்தான். அந்தப் பெண்களுக்கு வார்த்தை தெரியாது, ராகம் தெரியும். கூடச் சேர்ந்துகொண்டார்கள்.

போதகர் ஸ்கூட்டரில் வந்தார். அங்கி போட்டிருந்தார். யார் முகத்தையும் பார்க்காமல் பூட்டைத் திறந்தார். சாவியை எப்படி வாங்கினார் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. ஜெபம் செய்யும்போது அவர் குரல் இறங்கவேயில்லை. குழி வெட்டுகிறவரோடு அண்ணனும் மண்வெட்டி பிடித்தார். வெயில் தாழ்வதற்குள் அவளை அடக்கம் செய்தோம்.

அடுத்த வாரம் கமிட்டி என்னைக் கூப்பிட்டது. "கொஞ்ச நாள் ஞாயிறு பள்ளியிலிருந்து ஓய்வெடுங்க" என்றார்கள். எனக்குக் களைப்பில்லை என்றேன். இருந்தும் வகுப்பை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். சில பிள்ளைகள் இப்போது என் வீட்டு முன்னறைக்கு வருகிறார்கள். சில வீடுகளில் அனுப்புவதில்லை.

கொள்ளைநோய்க் காலத்தில் பிணம் தூக்கியவர்களை நாம் பரிசுத்தவான்கள் என்று சொல்லிப் பாடமாக வைத்திருக்கிறோம். அவர்கள் வீட்டிலும் ஒரு மகள் அழுதிருப்பாள். அவர்கள் சபையிலும் யாரோ ஒருவர் மரியாதையாக, காரணத்தோடு, வேண்டாம் என்று சொல்லியிருப்பார். அதைப் புத்தகத்தில் யாரும் எழுதவில்லை. இனி நான் பாடம் நடத்தும்போது அதையும் சேர்த்துத்தான் நடத்துவேன்.

ஒதுக்கிய இடத்தை வெளியாருக்குக் கொடுக்கக் கூடாது என்று இப்போது சபைக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவருகிறார்கள். கை தூக்கிவிட்டுப் போகச் சொல்வார்கள். நான் எழுந்து நின்று பேசுவேன். மகள் ஊரிலிருந்து வருவதாகச் சொல்லியிருக்கிறாள். என் பக்கம் பேசவா, என்னைத் தடுக்கவா, தெரியாது. எப்படியானாலும் பேசுவேன்.