முன் பிரேக் பிடித்த விரல்

எங்கள் பக்கம் பிள்ளைகளுக்குச் சைக்கிள் வாங்கினால் முதல் காரியமாக முன் பிரேக்கைக் கழற்றிவிடுவார்கள். எங்களுக்கும் அப்படித்தான் நடந்தது. "பின் பிரேக் போதும்க்கா. முன்னால பிடிச்சா மூஞ்சி பேந்துரும்" என்று கடைக்காரர் அம்மாவிடம் சொல்லிக்கொண்டே ஒயரை உருவி அம்மாவின் கையிலேயே கொடுத்தார். அக்கா வீட்டுக்கு வந்ததும் அதை வாங்கித் திரும்ப மாட்டிவிட்டாள். ஊரே பயந்து ஒதுக்கிய பிரேக்கை நம்பித்தான் அவள் ஒரு வித்தையைக் கற்றுக்கொண்டாள்.

அக்கா எனக்கு இரண்டு வயது மூத்தவள். அம்மாவுக்குப் பட்டாசுக் கம்பெனியில் வேலை. அந்தத் தீபாவளி போனஸில் வாங்கிய சைக்கிள் அது. யாரோ ஓட்டிச் சலித்த கியர் சைக்கிள், தடித்த டயர், டிஸ்க் பிரேக். இரண்டு பேருக்கும் பொது என்று சொல்லித்தான் வாங்கினார்கள். பேச்சுக்குத்தான் பொது. சாவி அவளுடைய பாவாடை நாடாவில் இருந்தது.

வித்தையை அவள் போனில் பார்த்துப் பிடித்தாள். மெதுவாக ஓட்டி வந்து, பெடலில் எழுந்து நின்று, முன் பிரேக்கை ஒற்றை விரலால் பிடித்து, உடம்பை முன்னால் கொடுத்தால் பின்வீல் தரையை விட்டு எழும்பும். எழும்பியதும் இடுப்பைத் திருப்ப வேண்டும். முன்வீல் நின்ற இடத்திலேயே நிற்க, பின்வீல் சுற்றி வந்து, சைக்கிள் வந்த வழியைப் பார்த்து நிற்கும். வீடியோவில் அதற்கு இங்கிலீஷில் ஏதோ பெயர். அக்கா வைத்த பெயர் 'குத்திச் சுத்துறது'. எனக்கு இன்றைக்கும் அதுதான் சரியான பெயராகப் படுகிறது.

திருத்தங்கலில் எங்கள் தெருவில் இதற்கெல்லாம் இடம் ஏது? ஆனைக்குட்டம் அணையில் தண்ணீர் வற்றிக் கிடக்கும் மாதங்களில் அங்கே போவோம். கரைக்குக் கீழே மண் காய்ந்து இறுகியிருக்கும். விழுந்தால் தோல் உரியும், எலும்பு முறியாது. கருவேல முள்தான் பெரிய தொந்தரவு. பாதி ஞாயிற்றுக்கிழமைகள் பஞ்சரான சைக்கிளை உருட்டிக்கொண்டே திரும்பியிருக்கிறோம்.

அக்காவுக்கு முதல் கோடை விடுமுறையிலேயே வித்தை வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. பிரேக்கைப் பிடிக்கத் தயங்கினால் சைக்கிள் சும்மா நின்றுவிடும். பயத்தில் வெடுக்கென்று இழுத்தால் ஆளைத் தூக்கி முன்னால் எறியும். நடுவில் ஒரு பிடி இருக்கிறது. அது அவள் விரலுக்குத் தெரிந்தது, என் விரலுக்குத் தெரியவில்லை. நான் சைக்கிளைக் குறை சொன்னேன், மண்ணைக் குறை சொன்னேன். "ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம்" என்று அவள் கரையில் உட்கார்ந்து சிரிப்பாள். சிரித்து முடித்த பிறகு சொல்லியும் கொடுப்பாள்.

"முன்வீலயே பாக்காதலே. எங்க திரும்பணுமோ அங்கன பாரு. கண்ணு போனா இடுப்பு போவும், இடுப்பு போனா வீலு வரும்."

நான் முன்வீலையேதான் பார்த்தேன். அங்கேயேதான் விழுந்தேன்.

ஒருநாள் தெருமுனையில் அவள் இதைச் செய்தபோது வேலை முடிந்து வந்த அம்மா பார்த்துவிட்டாள். திட்டவில்லை. "இம்புட்டு வெடுக்குன்னு ஆடுற கைய எந்தக் கம்பெனியில சேப்பாக?" என்று மட்டும் சொன்னாள். எல்லாரும் சிரித்தோம். அம்மா செம்பைக் கீழே வைத்தால் சத்தம் கேட்காது. கதவை அடைத்தால் அடைத்ததே தெரியாது. அது அம்மாவின் குணம் என்றுதான் அப்போது நான் நினைத்திருந்தேன்.

பிளஸ் டூ முடித்து, கம்ப்யூட்டர் படித்து, பிரஸ்ஸில் டிசைன் வேலைக்குப் போக அக்கா ஆசைப்பட்டாள். எழுதிப் போட்ட இடம் எதுவும் கூப்பிடவில்லை. மல்லாங்கிணறு பக்கம் கல்யாணமாகிப் போனாள். மச்சானுக்குக் கொஞ்சம் மானாவாரி நிலம், லோடு அடிக்க ஒரு குட்டியானை வண்டி. நல்ல மனுஷன். யாரையாவது குறை சொல்லித் தீர்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும் சமயத்தில்கூட அவர் அகப்பட மாட்டார். மழை பொய்த்த வருஷம், ஊருக்குள் வரும் பட்டாசுக் கம்பெனி வேனில் அக்காவும் ஏறினாள். கொஞ்ச நாள் தரைச்சக்கரம் சுற்றினாள். "வீலு சுத்துனவ சக்கரம் சுத்துறா" என்று அம்மா கேலி செய்தாள். பிறகு அவளை வெடிமருந்து செலுத்தும் அறைக்கு மாற்றினார்கள். அங்கே கூலி கொஞ்சம் கூடுதல்.

சைக்கிள் எனக்கு வந்தது. நான் காலண்டர் அடிக்கும் பிரஸ்ஸில் சேர்ந்துவிட்டேன். சீசன் முடிந்தால் கையில் நேரம் இருக்கும். சிரிக்க யாரும் இல்லாத அணைக்குள் தனியாக விழுந்து எழுந்தேன். ஒரு காலையில் முன்வீலைப் பார்க்காமல் தோளுக்கு மேலே கரையைப் பார்த்தேன். பின்வீல் எழுந்து சுற்றி வந்து இறங்கியது. சந்தோஷப்பட்டேன். உடனே, இதைப் பார்க்க அவள் இல்லையே என்று அழுகை முட்டியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் விடியாததுமாக விருதுநகர் வழியாக மல்லாங்கிணற்றுக்குச் சைக்கிளிலேயே போனேன். "கிறுக்குப் பயலே, பஸ்ஸு இல்லயா?" என்று அக்கா வைதாள். ஆனால் சைக்கிளைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. ஊருக்கு வெளியே சிமெண்ட் போட்ட களத்துக்கு மச்சானோடு மூன்று பேரும் போனோம். நான் செய்து காட்டினேன்.

"இடுப்பு பிந்தி வருதுலே" என்றாள். ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிட்டாள்.

மச்சானுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "ஏ பிள்ள, நீ ஒரு தடவ செய்யேன். ஆடுன காலும் பாடுன வாயும் சும்மா இருக்குமா?"

அவள் துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு ஏறினாள். களத்தைச் சுற்றி அழகாக ஓட்டி வந்தாள். பெடலில் எழுந்து நின்றாள். விரல் பிரேக்குக்குப் போனது. சைக்கிள் பைய வேகம் குறைந்து, பூப்போல நின்றது. காலை ஊன்றிக்கொண்டு சிரித்தாள். இன்னொரு தடவை வந்தாள். அதேபோல் நின்றது. அடுத்த தடவையும் அப்படித்தான்.

"பயமாக்கா?" என்று கேட்டேன்.

"பயமெல்லாம் இல்ல. கை பிடிக்க மாட்டேங்குது. பைய போன்னு அதுக்குப் பழகிப்போச்சு."

பிறகு அந்த மருந்து அறையைப் பற்றிச் சொன்னாள். உடம்பில் இருக்கிற கரண்ட் இறங்க வாசலில் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டு, வெறுங்காலோடு உள்ளே போக வேண்டும். எதையும் இழுக்கக் கூடாது, உரசக் கூடாது, போடக் கூடாது; ஒரு பொறி பட்டால் போதும், மருந்து வெடித்துவிடும். "புதுசா வந்த பிள்ள தட்ட டொக்குன்னு வச்சான்னா நாங்க ஒண்ணுஞ் சொல்ல மாட்டோம். திரும்பிப் பாப்போம், அம்புட்டுத்தான். அடுத்த தடவ சத்தம் வராது."

எங்கள் தெருவிலேயே பயமில்லாத கை இவளுடையதுதான். அதைப் போய் இப்படி அடக்கி வைத்திருக்கிறார்களே என்று ஆத்திரம் வந்தது. விடக் கூடாது என்று நினைத்தேன். "முன்வீலப் பாக்காதக்கா, மச்சானப் பாரு. கண்ணு போனா இடுப்பு போவும்" என்று அவள் சொல்லிக் கொடுத்ததையே அவளிடம் திருப்பிச் சொன்னேன்.

அவள் மறுபடி வந்தாள். இந்தத் தடவை மச்சான் நின்ற பக்கம் பார்த்தாள். பிரேக் பிடித்த சத்தம் கேட்டது. பின்வீல் என் இடுப்பு உயரத்துக்கு எழுந்து, ஒரே வீச்சில் சுற்றி, சிமெண்டில் வந்து உட்கார்ந்தது. நான் செய்ததெல்லாம் அதனிடம் பிச்சை வாங்க வேண்டும். மச்சான் விசில் அடித்தார். நான் "இன்னொரு தடவக்கா, இன்னொரு தடவ" என்று கத்திக்கொண்டு ஓடினேன்.

அக்கா இறங்கிவிட்டாள். முகம் வெளுத்திருந்தது. வலது கை விரலை இடது கையால் பொத்திப் பிடித்திருந்தாள். அடிபட்டுவிட்டதோ என்று பார்த்தேன். ஒன்றுமில்லை.

"வேண்டாம்லே. நாளைக்கு வேல இருக்கு."

"நாளைக்குத்தானக்கா வேல?"

"இந்தக் கைய இப்படி ஆக்குறதுக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். உள்ள என்னோட மூணு பொம்பளைக இருக்காக. இன்னைக்குக் கைக்குப் பழைய நெனப்பு வந்துருச்சு. நாளைக்கு அங்கன இருக்கும்போது வந்துச்சுன்னா?"

மச்சான் சைக்கிளைக் கையில் வாங்கிக்கொண்டார்.

அந்த வேலையை விட்டுவிடு என்று சொல்ல வாயெடுத்தேன். விட்டுவிட்டு எங்கே போக என்று அவள் கேட்பாளே என்று அடக்கிக்கொண்டேன். பிரஸ்ஸில் என் கை தவறினால் காகிதம் கிழியும், முதலாளி நாலு வார்த்தை வைவார், அதோடு போச்சு. வித்தை அரைகுறையாய் வந்தவனுக்கு இஷ்டத்துக்கு ஆட்டுகிற கை கிடைத்திருக்கிறது. வித்தை பிறவியிலேயே வந்தவள் அதை மறந்திருந்தால்தான் நாலு பேர் சாயங்காலம் வீடு திரும்ப முடியும். இந்தக் கணக்கை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. அன்றைக்கு அவள் சுற்றியதை நினைத்துச் சந்தோஷப்படக்கூட முடியவில்லை.

மத்தியானம் கறிக்குழம்பு வைத்திருந்தாள். எனக்கு அள்ளி அள்ளிப் போட்டாள், வேறு என்னவெல்லாமோ பேசினாள். புறப்படும்போது வாசல்வரை வந்தாள். சைக்கிளைத் தொடவில்லை.

"வரும்போதெல்லாம் வாலே. இத மட்டும் இங்கன கொண்டாராத."

அதன் பிறகு அக்கா வீட்டுக்கு நான் பஸ்ஸில்தான் போகிறேன்.