மடங்கும் இறக்கை

என் வேன் மழையில் நின்று துருப்பிடிப்பதற்குக் காரணம் என் தங்கை வீட்டுக்காரர். ஷெட்டில் வண்டி நிற்க வேண்டிய இடத்தில் அவருடைய விமானம் நிற்கிறது. கேட்டால் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, "வேன் கடையில கிடைக்கும் மச்சான்" என்பார். இத்தனை வருடமாக இதே பதில்தான்.

அவர் தொழில், கார் சீட்டுக்கு உறை தைப்பது. கடையைச் சாத்தியதும் நேராக ஷெட்டுக்கு வருவார். செருப்பைக் கழற்றி, கையைத் துடைத்த பிறகுதான் கதவைத் திறப்பார். உள்ளே, அந்தக் காலத்துப் போர்க்கப்பலிலிருந்து கிளம்பிய விமானம் அச்சு அசலாக நிற்கும். அளவில் மட்டும் நாலில் ஒரு பங்கு, ரிமோட்டில் பறப்பது. இறக்கையை விரித்தால் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் முட்டும். மரச்சட்டம், மேலே துணி, அதன்மேல் கடல் நிறத்தில் பெயின்ட். தனக்கு ஒரு ரவிக்கை தைத்துத்தர நேரமில்லாத மனிதர் இதற்கு மட்டும் உடம்பு பூராவும் துணி சுற்றுகிறாரே என்று என் தங்கை பொருமுவாள்.

வாலுக்கடியில் ஒரு கொக்கி. கப்பலில் இறங்கும்போது குறுக்கே கட்டிய கயிற்றில் மாட்டி நிற்பதற்காம். கப்பலுக்கு எங்கே போவது என்று கேட்டுவிட்டேன். ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

என்னைத் தொட விடமாட்டார். வெல்டிங் பிடிக்கிற கை பட்டால் துணி கிழியுமாம்.

கப்பலில் இடத்தை அடைக்காமலிருக்க அசல் விமானத்துக்கு இறக்கை மடங்கும். இவரும் மடங்கும்படி செய்தார். விரித்த இறக்கையை மடங்காமல் பிடிக்கிற பூட்டு வெளியே தெரிந்தால் அசல் மாதிரி இருக்காதென்று அதை ஊசியாக இழைத்துவிட்டார். போன தடவை வானத்தில் இடது இறக்கை தானாக மடங்கியது. விழுந்ததைச் சாக்கில் அள்ளி வந்தோம். இனி மடங்காதபடி குறுக்கே ஒரு கம்பியைப் பற்றவைத்துத் தருகிறேன் என்றேன்.

"மடங்கலேன்னா அது வேற ப்ளேன் மச்சான்."

முதலிலிருந்து ஆரம்பித்தார். நானாயிருந்தால் மிச்சத்தை அடுப்பில் போட்டிருப்பேன். வீட்டுக்கு வருகிறவர்களை இழுத்துப்போய் ஷெட்டைத் திறந்து காட்டுவது இப்போது நான்தான்.

நேற்று மைதானத்துக்குக் கொண்டுபோனோம். இந்தத் தடவை பூட்டு சுண்டுவிரல் கனம், வெளியே தெரிந்தது. இறக்கையை விரித்துப் பூட்டினார். எஞ்சினைக் கிளப்பவில்லை. விமானத்தின் உடம்பை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு, முகத்தை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"மச்சான், உன் பலத்தையெல்லாம் போட்டு மடக்கு. ஒடியறதா இருந்தா இங்கயே ஒடியட்டும்."