இருபத்து மூன்றாம் எண் அட்டை

யோகேஸ்வரி கணக்கு டீச்சர், நான் தமிழ். சாத்தூரில் ஒரே பஸ் ஏறி, அச்சங்குளத்துக்குப் பக்கத்து ஊரில் உள்ள நடுநிலைப் பள்ளிக்கு எட்டு வருஷமாக ஒன்றாக வருகிறோம். அவருடைய அம்மா தீப்பெட்டி ஆபீஸில் பெட்டி அடைத்து அவரை பி.எட். வரை படிக்க வைத்தவர். தன் வகுப்பில் ஒரு பிள்ளைகூடப் பின்தங்கக் கூடாது என்பது யோகேஸ்வரிக்கு ஒரு வெறி. அந்த வெறிதான் அட்டையைக் கொண்டுவந்தது.

சிவகாசி அச்சகத்தில் வேலை பார்க்கும் அவர் தம்பி செல்வக்குமார், காலண்டருக்கு வெட்டியதில் மிஞ்சிய அட்டையில் அச்சடித்துக் கொடுத்தான். ஒரு பக்கம் கறுப்புக் கட்டங்கள், அவற்றின் நான்கு ஓரங்களிலும் பொடியாக அ, ஆ, இ, ஈ; மறுபக்கம் பாதி முருகனோ பாதி லட்சுமியோ. பிள்ளைக்கு ஓர் எண். டீச்சர் கேள்வியையும் நான்கு விடைகளையும் வாயால் சொல்வார். பிள்ளைகள் தங்களுக்குச் சரியென்று பட்ட விடையின் எழுத்து மேலே வரும்படி அட்டையைத் திருப்பிப் பிடிக்க வேண்டும். டீச்சர் செல்போனை உயர்த்தி வகுப்பை ஒரு சுற்று காட்டினால், யார் சரி யார் தப்பு என்று பச்சையும் சிவப்புமாக வந்துவிடும். எழுத்துகள் அட்டைக்கு அட்டை இடம் மாறியிருப்பதால் எட்டிப் பார்த்தாலும் பயனில்லை. மாதக் கடைசியில் பெற்றோர் போனுக்கு மதிப்பெண் போய்விடும். சூலக்கரையில் நடந்த ஆசிரியர் கூட்டத்தில் இதைச் செய்து காட்டிக் கைத்தட்டல் வாங்கினார். எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல், சொல்வதற்கென்ன.

ஜூனில் ஒரு நாள் ஊருக்கு வெளியே ஒரு பட்டாசு ஆலையில் வெடித்தது. எங்கள் ஜன்னல் கண்ணாடியே இரண்டு உதிர்ந்தது. ஏழாம் வகுப்பு ஓவியா, அங்கே வேலை செய்யும் அம்மா கருப்பம்மாளுக்குச் சோறு கொண்டுபோய் வேலிக்கு வெளியே நின்றிருந்தாள். தாய்க்கும் மகளுக்கும் மேலில் ஒரு கீறல் இல்லை. சாமி காப்பாற்றியது என்று எல்லோரும் சொன்னோம்.

அதன்பிறகு ஓவியா பேச்சைக் குறைத்துக்கொண்டாள். பயந்த பிள்ளை, போகப் போகச் சரியாகும் என்று விட்டோம். என் வகுப்பில் கேட்டால் பதிலே வராது. "திமிரப் பாரு" என்று நானே இரண்டு தடவை வெளியே நிறுத்தியிருக்கிறேன். இப்போது நினைத்தால் என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. கணக்கில் மட்டும் சந்தேகமே வரவில்லை. இருபத்து மூன்றாம் எண், ஓவியாவின் எண், எப்போதும் பச்சை.

நவம்பரில் பக்கத்தில் உட்காரும் பாண்டிமீனா காய்ச்சலில் இரண்டு நாள் வரவில்லை. அந்த இரண்டு நாளும் இருபத்து மூன்று முழுக்கச் சிவப்பு. பாண்டிமீனா வந்த அன்று மறுபடி பச்சை. யோகேஸ்வரிக்குக் கோபம் தலைக்கேறியது. இருவரையும் பிரித்து உட்காரவைத்தார். திரும்பவும் சிவப்பு. பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து ஓவியாவுக்குப் பின்னால் போய் நின்று, "ஓவியா, எந்திரி" என்றார்.

எழவில்லை. "ஓவியா!" என்று கத்தினார். வகுப்பே திரும்பிப் பார்த்தது. ஓவியா மட்டும் முன்னால் இருந்த கரும்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாண்டிமீனா எழுந்து அழ ஆரம்பித்தாள். "அவள அடிச்சிராதீக டீச்சர். அவளுக்குக் காது கேக்காது. வெடிச்சதுல இருந்தே கேக்கல. அம்மாவுக்குத் தெரிஞ்சா படிப்ப நிப்பாட்டிருவாகன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டா."

"அட்டைய நீதான் திருப்பி விட்டியா?"

"ஆமா டீச்சர். தீப்பெட்டிக் கம்பெனில எங்கம்மா பிந்திட்டா பக்கத்துல இருக்கவுக தங்களுதுல கொஞ்சம் அடைச்சுக் குடுப்பாக. போர்மேன் வையக்கூடாதுல்ல. அதே மாதிரித்தான் நானும் செஞ்சேன்."

யோகேஸ்வரி அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அம்மாவுக்குக் கை வீங்கிய நாட்களில் பக்கத்துக்காரிகள் எண்ணிக்கையை நிரப்பிக் கொடுத்ததைப் பஸ்ஸில் எத்தனையோ தடவை எனக்குப் பெருமையாகச் சொன்னவர் அவர். அந்த ஊர்ப் பிள்ளைகள் அதையேதான் செய்வார்கள் என்பது அவருக்கல்லவா முதலில் தெரிந்திருக்க வேண்டும்!

மறுநாள் கருப்பம்மாளும் யோகேஸ்வரியும் ஓவியாவை விருதுநகர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனபோது நானும் போனேன். வலது செவிப்பறை கிழிந்து சீழ் பிடித்திருந்தது. உள்நரம்பும் போய்விட்டதால் அந்தக் காது இனிக் கேட்காது, இடது காதுக்கு மெஷின் வைத்தால் ஓரளவு கேட்கும் என்றார் டாக்டர். "வெடிச்ச கையோட கூட்டிட்டு வந்திருந்தா இவ்வளவு தூரம் போயிருக்காதேம்மா. அஞ்சு மாசம் என்ன பண்ணீங்க?"

கருப்பம்மாள் வெளியே வந்து யோகேஸ்வரியிடம் தன் போனை நீட்டினாள். ஜூலையிலிருந்து வந்த செய்திகள் வரிசையாக இருந்தன. ஓவியா, கணக்கு, தொண்ணூற்றிரண்டு சதவீதம், மிக நன்று.

"வீட்டுல கூப்பிட்டாத் திரும்ப மாட்டேங்கா டீச்சர். காதுலதான் என்னமோன்னு எனக்கு அப்பவே பட்டுச்சு. ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு நாள் லீவுகூடக் கேட்டு வச்சேன். அன்னைக்கு ஒங்க மெசேஜ் வந்துச்சு. காது கேக்காமயா டீச்சர் சொல்றதக் கேட்டு இம்புட்டு மார்க்கு வாங்குவா, நமக்குத்தான் வீண் பயம்னு வேலைக்குப் போயிட்டேன்."

அவள் குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் யோகேஸ்வரி தாங்கியிருப்பார். சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

ஓவியா படிப்பை நிறுத்தவில்லை. மெஷின் வர இன்னும் இரண்டு மாதம் ஆகும் என்கிறார்கள். திங்கட்கிழமை அவளை முதல் பெஞ்சில் உட்காரவைத்து, கேள்வியையும் விடைகளையும் கரும்பலகையில் எழுதினார் யோகேஸ்வரி. போன் பைக்குள்ளேயே கிடந்தது. பாண்டிமீனாவின் கை பழக்கத்தில் தானாக நீண்டது. தான் இருப்பது மூன்றாவது பெஞ்ச் என்று நினைவு வந்ததும் மடியில் வைத்துக்கொண்டாள்.

ஓவியா வெகுநேரம் பலகையைப் படித்தாள். பிறகு தானே அட்டையைத் திருப்பித் தூக்கிப் பிடித்தாள்.

விடை தப்பு. ஐந்து மாதத்தில் ஓவியா கேள்வியைத் தெரிந்துகொண்டு தானாகச் சொன்ன முதல் விடை அதுதான்.