சாக்கடையை அழிக்க மாட்டேன்னு நின்னவ

என் நாத்தனாருக்கு ஒரு கோட்டை இருந்துச்சு. சிரிக்காதீங்க. இதுக்குச் சிரிச்சவங்களை நான் நிறைய பார்த்தாச்சு, அதுல முதல் ஆளே நான்தான்.

அவளுக்கு வேலை வீட்டு பிளான் வரையறது. ஒரு இன்ஜினியர் ஆபீஸ்ல இருபத்திரண்டு வருஷமா கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்திருக்கா. இன்ஜினியர் சொல்ற சுவரை வரைவா, வீடு கட்டறவங்க வேண்டாம்கிற சுவரை அழிப்பா. வரைஞ்சதை விட அழிச்சதுதான் ஜாஸ்தின்னு அவளே சொல்லுவா. கல்யாணம் பண்ணிக்கல. பண்ணிக்கோன்னு புத்தி சொல்ல வந்தவங்களுக்கெல்லாம் டீ குடுத்து அனுப்பி வச்சுட்டா. எங்க மாடி ரூம்லதான் இருக்கா. நாத்தனாரும் அண்ணியும் ஒரே வீட்டுல பதினெட்டு வருஷம்னா யாரும் நம்பறதில்ல. நாங்க சண்டை போடாம இல்ல. எல்லாத்தையும் முதல் அஞ்சு வருஷத்துலயே போட்டு முடிச்சிட்டோம்.

ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஆச்சுன்னா எங்க முன்ரூம் என் கையில இருக்காது. சாப்பாட்டு மேஜையை நடுவுல இழுத்துப் போட்டு நாலு பேர் உக்காந்துடுவாங்க. தெருமுனை மருந்துக்கடைக்காரர்தான் கதை சொல்றவர். என் வீட்டுக்காரர், நாத்தனார், பக்கத்துத் தெரு டியூஷன் டீச்சர், இவங்க மூணு பேரும் அந்தக் கதைக்குள்ள ஆளுக்கொரு வேஷம். "கதவை உடைக்கிறேன்"னு ஒருத்தர் சொல்லி இருபது முகப் பகடையை உருட்டுவாங்க. விழுந்த நம்பர் பெருசா சிறுசான்னு பார்த்துட்டு, கதவு உடைஞ்சுதா இல்லையான்னு மருந்துக்கடைக்காரர் சொல்லுவார். என் வீட்டுக்காரர் அதுல பெரிய மந்திரவாதி. வீட்டுல ஒரு பல்பு மாட்டத் துப்பில்ல. டீச்சர் அம்பு விடறவங்க. நாத்தனார் வாள் வீராங்கனை.

அந்த ஆட்டத்துல ஒரு சட்டம் உண்டு. கதைக்குள்ள ஒன்பதாவது லெவலுக்கு வந்த ஆளுதான் சொந்தமா கோட்டை கட்டலாம். அந்த ஆளு செத்துட்டா, புது ஆளா முதல் லெவல்ல இருந்து ஆரம்பிக்கணும். ஒன்பதைத் தொட அவளுக்கு நாலு வருஷத்து ஞாயிறு ஆச்சு. அதனால கோட்டை கையில கிடைச்சப்போ அவ தரையில கால் பாவல. ஒன்பது கிராப் பேப்பரை டேப் போட்டு ஒட்டி, பென்சில்ல வரைய ஆரம்பிச்சா.

ஆட்டத்தோட சட்டப் புத்தகத்துல கோட்டைக்கு என்னென்ன வசதி வச்சுக்கலாம்னு ஒரு பட்டியல் இருக்கு. ஆயுதப் பட்டறை, நூலகம், குதிரை லாயம், பயிற்சிக்களம், வைத்தியசாலை. ஒவ்வொண்ணுக்கும் சண்டையில ஒரு பலன். கூடவே அறுபது வேலையாட்கள்னு ஒரு வரி. அவ்வளவுதான், ஒரு வரி. இவ என்ன பண்ணினா? ஆபீஸ் பழக்கம், தண்ணி எங்க வருது, எங்க போகுதுன்னு அதைத்தான் முதல்ல வரைஞ்சா. அறுபது பேருக்கு எட்டு கக்கூஸ். அதுல இருந்து மதிலுக்கு அடியில மூணடி அகலத்துல ஒரு சாக்கடை, நேரா ஆத்துக்கு. புத்தகம் எழுதின மகராசனுக்கு வயிறுன்னு ஒண்ணு இருக்கிறதே ஞாபகம் இல்ல போலிருக்கு. பட்டியல்ல ஒரு கக்கூஸ் கூடக் கிடையாது.

அங்கதான் வினை வந்துச்சு. அந்த ஆட்டத்துல வரைஞ்சது எல்லாம் நிஜம். வரையாம விட்டிருந்தா ஒருத்தரும் கேட்டிருக்க மாட்டாங்க.

எதிரி படை வந்து கோட்டையைச் சுத்தி வளைச்ச ஞாயித்துக்கிழமை, மருந்துக்கடைக்காரர் பிளான் மேல விரலை வச்சார். நல்ல மனுஷன், முதுகுல குத்தற ஆள் இல்ல.

"இதும்மா, இந்தச் சாக்கடை. மூணடின்னா ஒரு ஆள் தவழ்ந்து வரலாம். எதிரிக்கும் கண்ணு இருக்குல்ல? அடுத்த வாரம் இது வழியாத்தான் ஆள் அனுப்புவேன். முன்கூட்டியே சொல்லிட்டேன். வேணும்னா அழிச்சிடுங்க, நான் கண்டுக்கல."

"அழிச்சிடு, அழிச்சிடு"ன்னு என் வீட்டுக்காரர் ரப்பரையே எடுத்து நீட்டிட்டார்.

"அழிச்சா அறுபது பேரும் எங்க போவாங்கண்ணா?"

"இது கதை. யாரும் எங்கயும் போக வேண்டாம்."

"அப்ப கம்பி போட்டுடலாமே?"ன்னு டீச்சர் கேட்டாங்க.

"மூணாம் நாளே குப்பை சேர்ந்து அடைச்சுக்கும் டீச்சர்."

"சரி, ஓரடியா சுருக்கிடு"ன்னார் என் வீட்டுக்காரர்.

"முற்றத்து மழைத்தண்ணியும் இதுலதான் போகுது. சுருக்கினா மொத்தக் கோட்டையும் குளமாயிடும்."

என் வீட்டுக்காரருக்குக் கோபம் வந்துடுச்சு. "கோட்டை விழுந்தா உன் ஆளு சாவா. மறுபடி நாலு வருஷம் நீ ஒரு கோடு கூடப் போட முடியாது. ஒரு கக்கூஸுக்காகவா?"

"எட்டு"ன்னா அவ. பேப்பரைச் சுருட்டி எடுத்துக்கிட்டு மாடிக்குப் போயிட்டா.

புதன்கிழமை சாயங்காலம் டீ எடுத்துட்டுப் போனேன். புத்தி சொல்லத்தான் போனேன், அதை ஏன் மறைக்கணும்? கட்டில் மேல பிளானை விரிச்சு வச்சுப் பார்த்துக்கிட்டிருந்தா.

"ஏம்மா, எல்லாரும் சொல்றாங்கல்ல. அழிச்சுட்டுத்தான் போயேன்."

"அண்ணி, நேத்து ஒரு வீட்டு பிளான். மூணு மாடி, ஒன்பது பாத்ரூம். பின்பக்கம் வேலை செய்யறவங்களுக்குன்னு நாலடிக்கு நாலடி ஒரு கக்கூஸ் வச்சிருந்தேன். அதை எடுத்துட்டு அங்க நாய்க்கு ரூம் போடுங்கன்னாங்க. இன்ஜினியர் என்னைப் பார்த்தார். நான் எடுத்துட்டேன்." டீயைக் கையில வாங்கினா, குடிக்கல. "இருபத்திரண்டு வருஷமா எடுத்துட்டுத்தான் இருக்கேன். யாரும் கை வைக்க முடியாதுன்னு நான் போட்டது இந்த ஒரு பிளான்தான். இதுலயும் நானே அழிச்சேன்னா, அப்புறம் நான் எதுக்கு?"

புத்தி சொல்லப் போனவ, பிஸ்கட் எடுத்துக்கோன்னு சொல்லிட்டு இறங்கி வந்தேன். அன்னைக்கு ராத்திரி சாப்பிடும்போது, அவளை யாராவது இனிமே அழி கிழின்னா மேஜையைத் தூக்கி வெளிய போட்டுடுவேன்னு என் வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன்.

அடுத்த ஞாயிறு நான் சமையக்கட்டுல இல்ல. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கிட்டு நானும் மேஜை ஓரமா உக்காந்துட்டேன்.

"எங்க நிக்கறீங்க?"ன்னு மருந்துக்கடைக்காரர் கேட்டார். மத்த ரெண்டு பேரும் வாசல்னாங்க. இவ, "சாக்கடையில"ன்னா.

"கோட்டைக்காரி கோபுரத்துல நிப்பான்னு பார்த்தா..."ன்னு என் வீட்டுக்காரர் ஆரம்பிச்சார். நான் ஒரு பார்வை பார்த்தேன். அடங்கிட்டார்.

எதிரி அனுப்பினது ஏழு பேர். மூணடியில ஒருத்தன் பின்னால ஒருத்தன்தான் வர முடியும். அவ ஒவ்வொருத்தனா எதிர்கொண்டா. பகடையும் அவ பக்கம்தான் விழுந்துச்சு. ஏழாவது ஆள் விழுந்தப்போ நான் தொடையில தட்டிக்கிட்டேன், வெக்கமே இல்லாம.

ஆனா வாசல்ல நிலைமை படுமோசம். மந்திரவாதி உருட்டினா ரெண்டு, வில்லாளி உருட்டினா மூணு. கதவு உடைஞ்சுது. மருந்துக்கடைக்காரர் புத்தகத்தைப் புரட்டினார். "வாசல் விழுந்தா, உள்ள இருக்கிற வேலையாட்களைக் கணக்குல இருந்து எடுத்துடணும். அறுபதும் போச்சு."

"இருங்க சார். சாக்கடையில எதிரி யாராவது மிச்சம் இருக்கானா?"

"இல்ல. ஏழு பேரும் காலி."

"அப்ப அறுபது பேரும் அது வழியா ஆத்துப் பக்கம் போறாங்க."

அவர் பிளானைப் பார்த்தார். கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுட்டு மறுபடி பார்த்தார். அடிக்கோல் வச்சு அளந்தார். "ஒரு சுத்துக்குப் பத்து பேர் போகலாம். ஆறு சுத்து ஆகும். அதுவரைக்கும் கக்கூஸ் கதவுல யாராவது நின்னு மொத்தப் படையையும் தடுக்கணும்."

"நான் நிக்கறேன்."

"நானும் நிக்கறேன்"னார் என் வீட்டுக்காரர். குரலே சரியில்ல.

"வேண்டாம்ணா. நீயும் டீச்சரும் முன்னாடி போங்க. அந்தப் பக்கம் கரையேத்தி விட ஆள் வேணும்."

முதல் சுத்துல பத்து பேர் போனாங்க. ரெண்டாவது, மூணாவது. ஒவ்வொரு சுத்துக்கும் அவ உயிருக்குன்னு இருந்த புள்ளியில கொஞ்சம் கொஞ்சமா மருந்துக்கடைக்காரர் கழிச்சுக்கிட்டே வந்தார். நாலாவதுல பாதி உயிர். அஞ்சாவதுல மூணே மூணு மிச்சம். டீச்சர் நகத்தைக் கடிச்சுக்கிட்டிருந்தாங்க. ஆறாவது சுத்துல கடைசிப் பத்து பேரும் உள்ள இறங்கினாங்க. அவ பகடையை உருட்டினா. நாலு விழுந்துச்சு.

மிச்சம் இருந்த மூணையும் மருந்துக்கடைக்காரர் கழிச்சார்.

"கோட்டை போச்சும்மா. உங்க ஆளும் போயாச்சு"ன்னார் மருந்துக்கடைக்காரர். "எனக்கே கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா சட்டம் சட்டம்தான். அடுத்த வாரம் முதல் லெவல்."

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. "ஏன் சார், புத்தகத்துல இல்லாத வழியில அறுபது உயிரைக் காப்பாத்தியிருக்கா. அதுக்கு ஒரு லெவல், ரெண்டு லெவல் சேர்த்துக் குடுத்தா உங்க மருந்துக்கடை இடிஞ்சா விழுந்துடும்?"

"விடுங்க அண்ணி"ன்னா அவ. முகத்துல அழுகையும் இல்ல, ஒண்ணும் இல்ல. பென்சிலைச் சீவிக்கிட்டிருந்தா. "சலுகையெல்லாம் வேண்டாம் சார். எனக்கு இப்ப நாப்பத்திநாலு. நாப்பத்தெட்டுல கட்டறேன்."

அவர் தலையாட்டிட்டுப் புத்தகத்தை மூடப் போனார். அவ அந்தப் பக்கத்து மேல கையை வச்சுத் தடுத்தா.

"மூடாதீங்க. அதுவரைக்கும் அந்த அறுபது பேரும் எங்க இருப்பாங்கன்னு எழுதுங்க."

"அவங்க வெறும் எண்ணிக்கைதானேம்மா. தனித்தனியா எழுத இதுல இடமே இல்ல."

"அப்ப வேற நோட்டு எடுங்க. ஒவ்வொருத்தரா சொல்றேன். முதல்ல சமையல் பண்றவங்க, ஆறு பேர். அதுல மூத்தவளுக்கு முழங்கால் வலி, ஆத்தங்கரை ஈரம் ஆகாது."

நான் எழுந்து போய் என் பால் கணக்கு நோட்டுல பின்பக்கத்தைக் கிழிச்சுக் குடுத்தேன். மருந்துக்கடைக்காரர் பேனா மூடியைக் கழட்டினார். நாப்பத்தோராவது ஆள் வரைக்கும் வந்தப்போ பேப்பர் தீர்ந்துடுச்சு. மிச்சப் பத்தொன்பது பேருக்கு என் வீட்டுக்காரரே கடைக்குப் போய்ப் புது நோட்டு வாங்கிட்டு வந்தார்.