மொம்பாசா மரப்பாச்சி

மாலை நாலேகால் மணி. ஒரு வயது மகளுக்கு என் கையாலேயே விஷம் கொடுத்தேன். பழியை ஸ்டெல்லா அக்காமேல் போட்டேன். இருபத்தாறு வருடங்களாக யாரிடமும் சொன்னதில்லை... உங்களிடம் சொல்கிறேன்.

அப்போது என் கணவருக்கு மொம்பாசாவில் வேலை. முதல் விடுமுறையில் ஒரு ஜோடி மரப்பொம்மை கொண்டுவந்தார். நீண்ட கழுத்து, தோளைத் தொடும் காது வளையம், கரேலென்ற பளபளப்பு. "அசல் கருங்காலிடி! கடைக்காரன் சத்தியமே பண்ணான்."

அந்த நவராத்திரியில் கொலுவின் மேல்படியில், எங்கள் மரப்பாச்சிகளுக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவே வந்து பார்த்தது! "மாப்பிள்ளை ரொம்ப இளைச்சிருக்காரே டீச்சர், முதல்ல அவருக்குச் சுண்டல் வைங்க!" என்று ஆண் பொம்மையைக் காட்டி, மாடியில் குடியிருந்த ஸ்டெல்லா அக்கா சிரித்தார். நான் பள்ளிக்கூடம் போனால் குழந்தை அவர் இடுப்பில்தான் இருக்கும். எவ்வளவு நல்ல நாட்கள்...

மறுவாரம் குழந்தைக்குச் சளி. மரப்பாச்சியை இழைத்துக் கொடுப்பது எங்கள் வழக்கம். கருங்காலி என்றால் இன்னும் விசேஷம் அல்லவா? பெண் பொம்மையின் அடியைச் சந்தனக்கல்லில் தேய்த்தேன். கறுப்பு இறங்கியது... பூட்ஸ் பாலிஷ் வாசனை! தெரிந்தது. வெளிநாட்டு மரத்தின் வாசனை என்று எனக்கே சொல்லிக்கொண்டு, பாலில் குழைத்துப் புகட்டினேன். ஏன்?

கல்லைக் கழுவும்போதுதான் பார்த்தேன். தேய்ந்த இடத்தில் மரம் வெள்ளையாக இருந்தது.

ஆறு மணிக்குள் ஓயாத வாந்தி. "என்ன குடுத்தீங்க?" என்றார் டாக்டர். "மாடியில அக்கா ஏதோ ஊட்டியிருக்காங்க" என்றேன். அக்கா என் பக்கத்திலேயே நின்றிருந்தார்!

"பிஸ்கட்தானே டீச்சர் குடுத்தேன்..."

அவ்வளவுதான் சொன்னார். குழந்தை பிழைக்க மூன்று நாள் ஆயிற்று. அப்புறம் அவர் அவளைத் தூக்கவே இல்லை. தை மாதம் பொன்மலைக்குக் குடிபோய்விட்டார். இன்றும் அந்தப் பக்கம் பஸ்ஸில் போனால் நான் தலை நிமிர்வதில்லை.

அடுத்த விடுமுறையில் கணவர் சிரித்தார். "கருங்காலியாவது! டூரிஸ்ட்டுக்காக வெள்ளை மரத்துல பாலிஷ் தேச்சு மலைமாதிரி குவிச்சு வெச்சிருக்கான்." நானும் சிரித்தேன்... பொம்மைகளை எறியவில்லை. எறிந்தால் காரணம் கேட்பாரே!

நேற்றுக் காலை கொலுவுக்கு மகள் வந்தாள், இடுப்பில் பேரனோடு.

"பாப்பாவுக்குச் சளிம்மா. கருங்காலி இழைச்சுக் குடுக்கச் சொன்னாங்க எங்க அத்தை. நம்மகிட்டதான் இருக்கே!"

"அது வேண்டாம்!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். அதற்குள் பெண் பொம்மையை எடுத்து அடியைத் திருப்பியிருந்தாள்.

"அம்மா... இதை ஏற்கெனவே யாரோ இழைச்சிருக்காங்களே?"