சொல்லிக்கொண்டு போவதன் உளவியல்

உளவியல் தெரிந்துகொள்ள எதைப் படிக்கலாம், எதைக் கேட்கலாம் என்று என்னிடம் யோசனை கேட்பவர்கள் கடலூரில் சிலர் இருக்கிறார்கள். பத்திரிகையில் வேடிக்கையாக எழுதுகிறவனுக்கு மனித மனம் அத்துப்படியாக இருக்கும் என்று அவர்களாகவே முடிவுகட்டிவிட்டார்கள். நானும் மறுத்ததில்லை. மரியாதை தானாக வரும்போது அதற்கு எதிராகச் சாட்சி சொல்ல எனக்கென்ன பைத்தியமா?

கேட்டால் மூச்சுவிடாமல் சொல்வேன். ஞாபகமறதியைப் பற்றித் தடிமனாக ஒரு ஆங்கிலப் புத்தகம் இருக்கிறது. முன்பாதி போதும், பின்பாதி ஆசிரியர் ஊர் சுற்றிய கதை. அப்புறம் ஒரு தமிழ் மொழிபெயர்ப்பு. வரிக்கு வரி 'நனவிலி', 'புலனுணர்வு' என்று வரும். முடிக்கும்போது மனம் புரிகிறதோ இல்லையோ, பொறுமை நிச்சயம் வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை காலையில் வானொலியில் ஒரு மனநல மருத்துவர் நேயர்களோடு பேசுகிறார். அழைக்கிற யாருக்கும் எந்தக் குறையும் இல்லை, எல்லாம் அவர்களுடைய நண்பருக்குத்தான். மருத்துவரும் அந்த நண்பரை அக்கறையாக விசாரித்து, மாத்திரையைப் பாதியில் நிறுத்த வேண்டாமென்று அவரிடம் சொல்லச் சொல்வார். பாட்காஸ்ட் என்றால், துக்கத்தைப் பற்றி இரண்டு பெண்கள் பேசிக்கொள்ளும் ஒன்று. நடுநடுவே சிரித்துக்கொள்வார்கள். முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு அந்தச் சிரிப்புக்காகவே கேட்டேன்.

இதையெல்லாம் அறிவுத் தாகத்தில் தேடினேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். என் மச்சானுக்காகத் தேடியது.

மச்சான் என்பது என் மனைவியின் ஒரே தம்பி. வீடு சிதம்பரத்தில். கீரப்பாளையத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அவர்களுடைய அம்மா கடைசிக் காலத்தில் கடலூரில் எங்களோடுதான் இருந்தார். ஆடி மாதத்தில் எங்கள் வீட்டிலேயே கண்ணை மூடினார்.

கருமாதி முடிந்து உறவுக்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். சாவு வீட்டிலிருந்து சொல்லிக்கொண்டு போகக் கூடாது. 'போயிட்டு வரேன்' என்றால், திரும்பவும் இதே மாதிரி ஒரு காரியத்துக்கு வருவதாக ஆகிவிடுமாம். அதனால் செருப்பைத் தேடுகிற பாவனையில் குனிந்து அப்படியே நழுவிவிடுவார்கள். மச்சான் மட்டும் பழக்க தோஷத்தில் வாசலில் நின்று, "அக்கா, போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டான். நான் பின்பக்கம் ஷாமியானாக்காரரோடு பேசிக்கொண்டிருந்தேன். அவர்களுடைய பெரியம்மா போட்ட சத்தம் அங்கே வரைக்கும் கேட்டது.

"அட பாவி! எழவு வூட்டுல சொல்லிக்கினா கெளம்புவாங்க? ஊருக்கெல்லாம் பாடம் நடத்துறான், இது தெரியல பாரு!"

கார்த்திகை மழையில் என் மனைவி போய்விட்டாள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஈரத் துணிகளை ஃபேனுக்கு அடியில் நாற்காலிகளின்மேல் உலர்த்திக்கொண்டிருந்தவள், ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். அவ்வளவுதான். இதயம் என்றார்கள். இதைப் பற்றி வேடிக்கையாக ஒரு வரி எழுத முயன்றிருக்கிறேன். வரவில்லை.

காரியத்துக்கு வந்த பெரியம்மா, மச்சானை ஒன்றும் சொல்லவில்லை. ஏறிட்டு ஒரு பார்வை பார்த்தார். அதற்கு அவர் இன்னொரு முறை சத்தமே போட்டிருக்கலாம். மச்சான் அன்றைக்குக் குனிந்து, செருப்பைப் போட்டுக்கொண்டு, முறைப்படி ஒரு வார்த்தை பேசாமல் போனான். அதற்கப்புறம் எங்கள் வீட்டுப் பக்கம் வரவேயில்லை.

தை பிறந்த பிறகு அவன் மனைவி போன் செய்தாள்.

"அண்ணே, அவுரு இப்பல்லாம் வெளில கெளம்பறப்ப ஒண்ணுமே சொல்றதில்ல."

"வாத்தியாருங்க வீட்ல பேச மாட்டாங்கம்மா. ஸ்கூல்லயே எல்லாம் தீந்துபோயிடும்."

"வெளையாடாதீங்கண்ணே. சாவு வூட்டுலேந்து போற மாதிரி குனிஞ்சிகினே போறாரு. கறிகா வாங்கப் போனாலும் அப்பிடித்தான். திரும்பி வர்ற வரைக்கும் வாசலையே பாத்துகினு கெடக்குறேன். ஒருநாள் அப்பிடியே வராம போயிடுவாரோன்னு இருக்கு. நீங்கதான் அவ்ளோ படிக்கிறீங்களே, எதனா பண்ணுங்க."

எதனா பண்ணினேன், அதாவது படித்தேன். நோய் என்னவென்று கண்டுபிடிக்கக் கஷ்டமே இல்லை. ஒன்றையடுத்து ஒன்று நடந்தால், முன்னது பின்னதற்குக் காரணம் என்று மனம் முடிச்சுப் போட்டுவிடும். எல்லாப் புத்தகத்திலும் இருந்தது. தான் 'வரேன்' என்று சொன்னதால் அக்கா செத்துப்போனாள் என்று நினைக்கிறான் பையன். முடிச்சை அவிழ்த்தால் போதும். புத்தகங்களைக் கூரியரில் அனுப்பினேன். வானொலி நிகழ்ச்சியையும் பாட்காஸ்ட்டையும் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். கணக்கு வாத்தியார் ஆயிற்றே என்று நிகழ்தகவைப் பற்றி நானே நீளமாக ஒரு செய்தியும் எழுதினேன். ஒவ்வொன்றுக்கும் பதிலாக ஒரு கட்டைவிரல் வந்தது.

கட்டைவிரல்களை நம்ப முடியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன். காதில் அந்த இரண்டு பெண்கள். டிரைவர் போட்ட குத்துப்பாட்டுக்கு நடுவே அவர்கள் மரணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள். முட்லூர் தாண்டி வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறும்போது ஒருத்தி சிரித்தாள். எதற்கென்று காதில் விழவில்லை.

மச்சான் இளைத்திருந்தான். நான் அனுப்பிய புத்தகங்கள் மேசைமேல் அடுக்கியிருந்தன. எடுத்துப் புரட்டினேன். மனுஷன் ஒன்றுவிடாமல் படித்திருந்தான். மொழிபெயர்ப்பில் இருந்த அச்சுப்பிழைகளையெல்லாம் சிவப்பு மையில் திருத்தி வைத்திருந்தான்.

"எப்படி இருக்கு?" என்றேன்.

"நல்லாத்தான் இருக்கு மாமா. ஒற்றுப்பிழைதான் ஜாஸ்தி."

நான் தயாரித்து வந்ததை ஆரம்பித்தேன். "மச்சான், வாயால ஒரு வார்த்தை சொன்னா ஒரு உசுரு போயிடுமா? நீ கணக்குச் சொல்லிக் குடுக்குறவன்."

"போவாது மாமா."

"பெரியம்மா ஏதோ அவுங்க காலத்து நெனப்புல—"

"அது அவுங்க நம்பிக்கை. எனக்கு அதுல ஒண்ணும் கெடையாது."

பரீட்சைக்கு ராத்திரி பூராவும் கண்விழித்துப் படித்துவிட்டுப் போன பையனுக்கு வேறு பாடத்தின் கேள்வித்தாளைக் கொடுக்கிறார்கள். அந்தப் பையனின் முகம்தான் அப்போது எனக்கு இருந்திருக்கும்.

"பின்ன ஏன்டா இப்படி இருக்க?"

அவன் சிவப்புப் பேனாவை மூடித் திறந்து மூடினான்.

"அன்னைக்கு அக்கா என்னா சொல்லுச்சுன்னு ஒங்களுக்குத் தெரியாது மாமா. நீங்க பின்னால இருந்தீங்க. பெரிம்மா கத்துச்சுல்ல, அக்கா வுடல. 'எங்கிட்டதான சொன்னான், சொல்லட்டும் வுடு பெரிம்மா'ன்னுச்சு. என்னாண்ட வந்து, 'சீக்கிரம் வாடா, அம்மா இல்லாம வூடே வெறிச்சுனு இருக்கு'ன்னுச்சு. வரேன்க்கான்னேன்."

உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் நின்றுபோயிருந்தது. அவன் மனைவி கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

"அப்பறம் வாரா வாரம் போன்ல கேக்கும். பேப்பர் திருத்தணும்க்காம்பேன். மழ ஜாஸ்தியா இருக்குக்காம்பேன். அடுத்த வாரம் கண்டிப்பாம்பேன். தோ இருக்குற கடலூரு. பஸ் ஏறுனா ஒரு தூக்கத்துல போயிடலாம். போவல." பேனாவை மேசைமேல் வைத்தான். "சொன்னது தப்பில்ல மாமா. சொல்லிட்டு வரல பாருங்க, அதான். அதனாலதான் இப்ப யாராண்டயும் சொல்றதில்ல. சொல்லாம போயிட்டா, வரலன்னாலும் பொய்யாவாது."

எந்தப் புத்தகத்தின் எந்த அத்தியாயத்தில் தேடுவது இதை?

வாரா வாரம் அவள் போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிப் பக்கம் போவது எனக்கும் தெரியும். அக்காவும் தம்பியும் சமையலைப் பற்றி ஏதோ பேசுகிறார்கள் என்று விட்டுவிடுவேன். வீடே வெறிச்சென்று இருக்கிறது என்று அவள் சொன்னபோது அந்த வீட்டில் நானும் இருந்தேன். பெரும்பாலும் ஏதாவது படித்துக்கொண்டு.

"இப்ப வா மச்சான்" என்றேன்.

"இப்ப வந்து? அக்கா இல்லியே."

"நான் இருக்கேன்ல. வீடு இன்னும் வெறிச்சுனுதான் இருக்கு."

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். மொழிபெயர்ப்புப் புத்தகத்தைப் பார்ப்பதுபோல், பிழை எங்கே என்று தேடுகிற பார்வை. பிறகு எழுந்து உள்ளே போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தான்.

அவன் மனைவி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்து நின்றாள். அவன் வழக்கம்போலக் குனிந்தான். செருப்பு காலில்தான் இருந்தது. குனிந்தபடியே கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, நிமிர்ந்தான்.

"போயிட்டு..." என்றான்.

மீதி வரவில்லை. நான் தெருவைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். பஸ்ஸைப் பார்ப்பவன்போல. அந்தத் தெருவில் பஸ் எதுவும் வராது.

மீதியும் காதில் விழுந்துவிட்ட மாதிரி, "சரி, வாங்க" என்றாள் அவள்.