செவலையின் சீம்பால்

2024 ஜூன் பன்னிரண்டாந் திகதி, புதன்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடம். நோர்வூட்டில் மூன்று நாளாக விடாத மழை. அந்த நேரம் மட்டும் தூறலாகக் குறைந்திருந்தது. எதிரே இருந்த தேயிலை மலையைப் பனி முழுக்க மூடியிருந்தது. நான் ஒரு மாடி மண்டபத்தில், மாடு வளர்க்கும் முப்பத்தொரு பேருக்கு முன்னால் நின்று, கன்று ஈன்ற பசுவை முதல் நாளே ஒட்டக் கறக்கக் கூடாது என்று பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். காட்டுவதற்காகக் கொண்டுபோயிருந்த கல்சியம் போத்தல் ஒன்று கையில் இருந்தது.

"நல்லா பால் குடுக்கிற மாட்டுக்குத்தான் ஆபத்து. அதுவும் மூணாவது, நாலாவது ஈத்துல. மடிய ஒரேயடியா காலி பண்ணுனா, உடம்புல இருக்கிற கல்சியம் எல்லாம் பாலுக்குப் போயிரும். அப்புறம் மாட்டால எழும்ப முடியாது. பால் காய்ச்சல்னு பேரு, ஆனா உடம்பு சுடாது. காதத் தொட்டா ஐஸ் மாதிரி இருக்கும்."

மூன்றாவது வரிசையில் இருந்த ஓர் அம்மா கேட்டார்: "அப்ப ஒங்க வீட்டு மாடு கன்னு போட்டா, லயத்துக்குச் சீம்பால் குடுக்க மாட்டீங்களா சேர்?"

"குடுப்போம். வீட்டுக்கு ஒரு கரண்டி."

"கரண்டியா! எங்க லயத்துல கரண்டியில குடுத்தா, மாட்டோட சேத்து எங்களையும் வெரட்டிருவாங்க."

மண்டபமே சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குமுன் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. மனைவி.

"என்னாங்க, வகுப்பா? ஒண்ணுமில்ல, செவலை காலையில இருந்து படுத்தே கெடக்கு. குளிருதுபோல. சாக்கு போத்தி விட்டுருக்கோம். வரயில கொஞ்சம் மொளகு வாங்கிட்டு வாங்க."

"காதத் தொட்டுப் பாரு."

"காதா?" மழைக்குள் அவள் பட்டிக்கு ஓடும் சத்தம் கேட்டது. "ஐயோ, சில்லுனு இருக்குங்க."

"காலையில எவ்வளவு கறந்தீங்க?"

மறுபடியும் கேட்டேன்.

"ரெண்டு வாளி."

எங்களிடம் நான்கு மாடுகள். செவலை ஒன்றே வீட்டுப் பாலில் பாதிக்கு மேல் தருவாள். முந்திய நாள் மாலை ஐந்தரைக்கு ஒரு கிடேரிக் கன்று போட்டாள். அது அவளுடைய நான்காவது ஈத்து. நான் கால்நடைத் திணைக்களத்தில் முப்பத்திரண்டு வருடம் போதனாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆறு வருடமாக ஒரு பால் கொம்பனிக்காகத் தோட்டம் தோட்டமாகப் போய், அதே பாடத்தை நடத்துகிறேன். அந்தச் சம்பளம் இல்லாவிட்டால் தீவன மூட்டை வாங்க வழியில்லை. தீவனம் இல்லாவிட்டால் பால் இல்லை. ஆகவே எங்கள் மாடுகளைக் காப்பாற்ற நான் பிறருடைய மாடுகளைப் பார்க்கப் போகிறேன். எங்கள் மாடுகளை என் மனைவியும், தோட்டத்தில் வேலை செய்யும் தம்பியும் பார்க்கிறார்கள்.

அன்று காலை ஆறு மணி பஸ்ஸுக்கு ஓடும்போது, "கன்னு குடிக்கிற அளவுக்கு மட்டும் கறங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். "சரிண்ணே" என்று தம்பியும் சொன்னான். ஆனால் ஏழு மணிக்குள் செம்போடு ஆள்கள் வந்துவிட்டார்கள். எங்கள் லயத்தில் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகப் பத்து வீடு. மாடு கன்று போட்டால் பத்து வீட்டுக்கும் சீம்பால் போக வேண்டும். சர்க்கரையும் ஏலக்காயும் போட்டு அவித்துப் பிள்ளைகளுக்குக் கொடுப்பார்கள். போன ஈத்தின்போது ஒன்பது வீட்டோடு பால் முடிந்துவிட்டது. பத்தாவது வீட்டு அக்கா பதினொரு மாதம் என் மனைவியோடு பேசவில்லை. பீலியில் தண்ணீர் பிடிக்கும்போதுகூட முகத்தைத் திருப்பிக்கொள்வார். இந்தத் தடவை ஒரு வீடும் விடுபடக்கூடாது என்று மனைவி நினைத்திருக்கிறாள். நான் அந்த இடத்தில் நின்றிருந்தால், செம்பை நீட்டியவர்களிடம் இல்லை என்று சொல்லியிருப்பேனா? தெரியவில்லை.

மாட்டு டொக்டருக்குப் போன் எடுத்தேன். பட்டிப்பொலப் பக்கம் ஒரு பண்ணையில் நிற்பதாகச் சிங்களத்தில் சொன்னார். வந்து சேர இரவாகிவிடும். போத்தல் இருந்தால் தோலுக்கடியில் நீங்களே ஏற்றிவிடுங்கள் என்றார். போத்தல் கையிலேதான் இருந்தது. மாடுதான் ஒன்பது மைல் தள்ளி இருந்தது.

பாதி வகுப்பில் இறங்கி பஸ் ஏறினேன். நான்காவது மைலில் மண் சரிந்து பாதையை மூடியிருந்தது. பஸ் நின்றது. மண்ணை அள்ள மெஷின் வருகிறது, வருகிறது என்று கண்டக்டர் சொல்லிக்கொண்டே இருந்தார். நாற்பது நிமிடம் இருந்து பார்த்துவிட்டு இறங்கி நடந்தேன். கல்சியம் குளிர்ந்திருந்தால் ஏற்ற முடியாது. போத்தலைச் சட்டைக்குள் விட்டு, வயிற்றோடு அணைத்துக்கொண்டேன். அறுபத்தாறு வயதில் ஐந்து மைல் மழையில் நடந்தேன். நடுவில் இரண்டு தடவை போன் எடுத்தேன், சிக்னல் இல்லை.

பட்டிக்குள் நுழைந்தபோது மணி இரண்டேகால். செவலை சீமெந்துத் தரையில், கழுத்தை மடித்துத் தலையை விலாவில் சாய்த்துப் படுத்திருந்தாள். என் வகுப்பில் காட்டும் படத்தில் இருப்பதைப் போலவே. மேலே மூன்று சாக்கு. பக்கத்தில் ஒரு சட்டியில் நெருப்பு. லயத்தில் பாதிப் பேர் வாசலில் நின்றார்கள்.

"இஞ்சிக் கோப்பி குடுத்துப் பாத்தோம் அண்ணே, முழுங்க மாட்டேங்குது" என்றான் தம்பி.

தோலுக்கடியில் நான்கு இடத்தில் பிரித்து மெதுவாக ஏற்றினேன். அரை மணிக்குள் காதில் சூடு வந்தது. ஏப்பம் விட்டாள், மூத்திரம் பெய்தாள். தலையை நிமிர்த்திக் கன்றைத் தேடினாள். மனைவி கும்பிட்டாள். எனக்கும் நம்பிக்கை வந்தது. பிறகு எழும்பப் பார்த்தாள். முன்னங்கால்கள் ஊன்றின, பின்னங்கால்கள் ஊன்றவில்லை. மறுபடி முயன்றாள், சறுக்கினாள். ஆறேழு மணி நேரம் சீமெந்தில் ஒரே பக்கமாகக் கிடந்ததில், அவள் பாரமே அவள் கால்களை நசுக்கிவிட்டது. அதற்கு என் பையில் போத்தல் இல்லை. யாருடைய பையிலும் இல்லை.

இரவு டொக்டர் வந்து இன்னொரு போத்தலும் இரண்டு ஊசியும் போட்டார். வைக்கோல் பரப்பி, மூன்று மணிக்கொரு தரம் புரட்டிப் போடச் சொன்னார். பத்து வீட்டு ஆண்களும் முறை வைத்து வந்து புரட்டினார்கள். பத்தாவது வீட்டு அக்கா மூன்று நாளும் புல் அறுத்து வந்து வாயில் ஊட்டினார்.

"போன தடவ நான் கோவிச்சுக்காம இருந்திருந்தா, இந்தத் தடவ இப்பிடி கறந்திருக்க மாட்டாங்கதானே?" என்று என்னிடம் கேட்டார்.

என் மனைவி என்னைப் பார்த்தாள். "ஊரு ஊரா போயி சொல்றத எனக்கு ஒரு நாளாவது ஒக்கார வச்சு சொன்னீங்களா? கொஞ்சமா கறங்கன்னா எனக்கு என்னா வெளங்கும்? கன்னுக்குப் பால் பத்தணும்னுதான் சொல்றீங்கன்னு நெனச்சேன்." பிறகு, "அந்த வேலைய விட்டுட்டு வீட்டுலயே இருங்க" என்றாள்.

"விட்டா தீவனம்?"

அவள் செவலையின் மேல் கிடந்த சாக்கை இழுத்துச் சரிசெய்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை செவலை போய்விட்டாள். கன்று இப்போது இன்னொரு மாட்டின் பாலில் வளர்கிறது.

வகுப்பைப் பாதியில் விட்டதற்காகக் கொம்பனி அன்றைய படியை நிறுத்திவிட்டு, அடுத்த மாதம் அதே மண்டபத்தில் அதே வகுப்பை மறுபடி நடத்தச் சொன்னது. போனேன். மூன்றாவது வரிசை அம்மா வந்திருந்தார்.

"அன்னைக்கு அவசரமா ஓடுனீங்களே சேர், மாடு என்னாச்சு?"

சொன்னேன். இந்தத் தடவை ஒருவரும் சிரிக்கவில்லை.

"ஒங்க லயத்துல எத்தன வீடு சேர்?"

"பத்து."

"எங்க லயத்துல பதினெட்டு" என்று சொல்லிவிட்டு, அவர் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவர் வீட்டு மாடு அடுத்த மாதம் கன்று போட இருக்கிறதாம். நான் போத்தலை எடுத்து, விட்ட இடத்திலிருந்து பாடத்தைத் தொடங்கினேன்.

செவலை கன்று போடுவதற்கு முந்திய மாதம் மாட்டுத் தரகன் ஒருவன் அவளுக்குக் கேட்ட விலை மூன்று இலட்சத்து நாற்பதாயிரம். டொக்டருக்கும் ஊசிக்கும் ஏழாயிரத்து ஐந்நூறு. குழி வெட்டியவர்களுக்கு ஆறாயிரம். நின்றுபோன படி இரண்டாயிரத்து ஐந்நூறு. இரண்டு கல்சியம் போத்தலுக்கு மூவாயிரத்து எண்ணூறு. அதில் வகுப்பில் காட்டக் கொண்டுபோனதன் விலையைக் கொம்பனி என் சம்பளத்தில் பிடித்தது. பாதி வழியில் நின்ற பஸ்ஸுக்கு எழுபது. ஆக மொத்தம் மூன்று இலட்சத்து ஐம்பத்தொன்பதாயிரத்து எண்ணூற்று எழுபது ரூபாய்.